ஸ்டீன்ஸ் மலையின் மேய்ச்சல் நிலத்துக்குத் தலப்படம் தயாரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், தென்கிழக்கு மூலையில் இருக்கிறது ஹார்னி கவுண்டி. பரப்பளவு சுமார் 26,500 சதுர கிலோமீட்டர். குடியிருப்பவர்கள் 7,500 பேர் அளவில்தான். பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டரைத் தாண்டிய, குளிர்காலத்தில் பனி மூடும் உயர்பாலைவனம் இது. மணல்மேடுகளை எதிர்பார்க்க வேண்டாம். சேஜ்பிரஷ் எனும் சாம்பல் பச்சைப் புதர்தான் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரியும். பிழைப்பு மாடு வளர்ப்பு. 1872இல் பீட்டர் பிரெஞ்ச் மாடுகளை ஓட்டிவந்து பெரும் பண்ணை அமைத்த நாளிலிருந்து அது மாறவில்லை.

இப்படிப்பட்ட நிலத்துக்குப் படம் போடும்போது கேட்க வேண்டிய கேள்வி மலை எவ்வளவு உயரம் என்பதல்ல. ஆகஸ்ட் மாதக் கடைசியில் எந்த இடத்தில் தண்ணீர் இருக்கும், மாடு அங்கே நடந்து போய்ச் சேர முடியுமா என்பதே கேள்வி. கீழே வரும் படிகள் அனைத்தும் அதை நோக்கியே செல்கின்றன. ஜிஐஎஸ் (கணினியில் நிலப்படம் செய்யும் முறை) படிப்பவர்களுக்கும், இந்தப் பகுதியில் வேலையாகவோ மலையேறவோ போகிறவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் நிலத்தின் அமைப்பு

ஸ்டீன்ஸ் மலை ஒரு பிளவுப் பாளம். பூமியின் மேலோடு இழுபட்டுப் பிளந்தபோது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்த பலகை போல நிற்கிறது. சுமார் 1.67 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகிய பசால்ட் பாறையால் ஆனது. உச்சி 2,967 மீட்டர், அதாவது 9,733 அடி.

மேற்கே பிரெஞ்ச்க்ளென் என்ற சிற்றூரிலிருந்து உச்சிவரை நேர்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அத்தனை தூரத்தில் ஏற்றம் 1,700 மீட்டர் அளவுதான். சராசரிச் சரிவு 5 சதவீதம். கிழக்குப் பக்கமோ அதே 1,700 மீட்டரை 5 கிலோமீட்டர் அளவுத் தூரத்தில் இறங்கிவிடுகிறது. அடியில் ஆல்வர்ட் பாலைவனம்: வறண்ட ஏரிப் படுகை, 19 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலம், தட்டையான களிமண். மேகத்தை மலை தடுத்துவிடுவதால் அங்கே ஆண்டு மழை 18 சென்டிமீட்டர் அளவுதான். மேற்குச் சரிவைக் கைகர், லிட்டில் பிளிட்சன், பிக் இந்தியன் ஆகிய பள்ளத்தாக்குகள் பனியாறுகள் அரித்த ‘யூ’ வடிவில் வெட்டிச் செல்கின்றன.

ஒரே மலையில் இரண்டு நிலங்கள் இருப்பதால், ஒரே சம உயரக்கோட்டு இடைவெளி முழுப் படத்துக்கும் பொருந்தாது. வேலை தொடங்கும் முன்பே இதை ஏற்றுக்கொண்டால் பின்னால் பாதித் திருத்தம் மிச்சம்.

படி 1: தாள்களைச் சேர்ப்பது

அடிப்படை, அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் (யூஎஸ்ஜிஎஸ்) 7.5 நிமிட (டிகிரியில் எட்டில் ஒரு பங்கு) தாள்கள். அளவுத்திட்டம் 1:24,000. நம் ஊரில் சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட்டில் பழகியவர்களுக்கு முதலில் எல்லாம் பெரிதாகத் தெரியும்: இங்கே தாளில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 240 மீட்டர். ஸ்டீன்ஸ் அட்சரேகையில் ஒரு தாள் வடக்கு தெற்காக ஏறத்தாழ 13.9 கிலோமீட்டரும், கிழக்கு மேற்காக 10.2 கிலோமீட்டரும் காட்டும். உயரம் அடியில்தான்.

இரண்டு தலைமுறைத் தாள்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். 2009 முதல் வரும் ‘யூஎஸ் டோப்போ’ கணினித் தொகுப்பு. சாலைப் பெயர், எல்லை ஆகியவை புதியவை. ஆனால் பழைய கைவேலைத் தாள்களில் இருந்த வேலிகள், காற்றாலைக் கிணறுகள், மாட்டுப் பட்டிகள், தனி வீடுகள் பல புதியவற்றில் காணாமல் போயின. மேய்ச்சல் படத்துக்குப் பழைய தாள்தான் பொக்கிஷம். நிலவியல் நிறுவனத் தளத்தில் இரண்டுமே இலவசம். பழைய தாளில் ஊதா நிறத்தில் ஏதாவது கண்டால், அது களத்தில் சரிபார்க்காமல் விமானப் படத்தைப் பார்த்துப் பின்னால் சேர்த்தது என்று பொருள்.

கூடவே வேண்டியவை: யூஎஸ்ஜிஎஸ்ஸின் 3டெப் திட்டத்தின் உயரத் தரவு, விவசாயத் துறையின் விமானப் படம், நில மேலாண்மைத் துறையின் (பிஎல்எம்) நில உரிமை அடுக்கு, நிலத்தைச் சதுரங்களாகப் பிரிக்கும் டவுன்ஷிப், செக்‌ஷன் கோடுகள். மென்பொருள் க்யூஜிஐஎஸ் போதும்.

படி 2: டேட்டம் பொருத்துவது

டேட்டம் என்பது இடத்தின் எண்களை எதிலிருந்து அளப்பது என்ற அடிப்படை. இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். பழைய தாள்கள் 1927ஆம் ஆண்டின் வட அமெரிக்க டேட்டத்தில் (என்ஏடி 27) வரையப்பட்டவை. உயரத் தரவும் புதிய அடுக்குகளும் என்ஏடி 83இல் இருக்கின்றன. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை இரண்டிலும் வைத்தால் தரையில் ஏறத்தாழ 100 மீட்டர் விலகும். யூடிஎம் எனும் மீட்டர் கட்ட முறையின் எண்களிலோ வடக்கு அளவு 200 மீட்டர் அளவுக்கு மாறும். பழைய தாளில் படித்த ஊற்றின் எண்ணை அப்படியே ஜிபிஎஸ்ஸில் அடித்துவிட்டுப் போனால், காலியான மேட்டில் நின்று ஊற்று வற்றிவிட்டது என்று எழுதிவிட்டு வருவீர்கள். பழைய தாள்கள் பலவற்றில் கீழ் ஓரக் குறிப்பில் எத்தனை மீட்டர் எந்தத் திசையில் நகர்த்த வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள்.

செய்ய வேண்டியது: திட்டத்துக்கு என்ஏடி 83 யூடிஎம் மண்டலம் 11 (குறியீட்டெண் 26911) வையுங்கள். பழைய தாளுக்கு அதன் சொந்த எண்ணான 26711 கொடுத்து, மென்பொருளே மாற்றிக்கொள்ள விடுங்கள். கையால் இழுத்துப் பொருத்த வேண்டாம். பிறகு இரண்டு சாலைகள் சந்திக்கும் மூன்று இடங்களைத் தேர்ந்து, விமானப் படத்தோடு ஒத்துப் பாருங்கள். 12 மீட்டருக்குள் விலகல் இருந்தால் சரி. 1:24,000 தாளுக்கு அமெரிக்கத் துல்லிய விதியே அவ்வளவுதான் கேட்கிறது: தெளிவான புள்ளிகளில் 90 சதவீதம் 40 அடிக்குள் இருக்க வேண்டும்.

உயரத்துக்கும் தனி டேட்டம் உண்டு. 1929ஆம் ஆண்டு மட்டத்துக்கும் 1988ஆம் ஆண்டு மட்டத்துக்கும் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 1 மீட்டர் வித்தியாசம். மலையில் இது பொருட்டல்ல. ஏரி ஓரத்தில் 1 மீட்டர் என்பது பல கிலோமீட்டர் கரை.

படி 3: சம உயரக்கோடுகள்

3டெப்பின் பத்து மீட்டர் தரவு டிகிரி அலகில் வருகிறது. அப்படியே சரிவு கணக்கிட்டால் முழு நிலமும் செங்குத்துச் சுவர் என்று வரும், ஏனெனில் கிடைத்தூரம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருக்கிறது. முதலில் 26911க்கு மாற்றுங்கள். மாற்றும்போது ‘அருகில் உள்ள கட்டம்’ என்ற முறையைத் தவிர்த்து, பைலீனியர் அல்லது கியூபிக் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நிழல் படத்தில் துணி நெசவு போலக் கோடுகள் தெரியும். அடியில் கோடு வேண்டுமென்றால் ராஸ்டர் கணிப்பானில் 3.28084ஆல் பெருக்கி, அதைத் தனிக் கோப்பாக வையுங்கள். சரிவு கணக்கிட மீட்டர் கோப்பை மட்டுமே பயன்படுத்துங்கள்.

இடைவெளிக்கு ஒரு சின்னக் கணக்கு. 40 அடி இடைவெளி என்றால் 12.2 மீட்டர். 60 சதவீதச் சரிவில் அடுத்தடுத்த இரு கோடுகள் தரையில் 20 மீட்டர் தள்ளி, 1:24,000 தாளில் 0.85 மில்லிமீட்டர் தள்ளி வரும். படிக்க முடியும். அதே இடத்தில் 10 அடி இடைவெளி வைத்தால் 0.2 மில்லிமீட்டர், பழுப்பு நிறக் கறைதான் மிஞ்சும். மாறாக, கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சாயும் படுகையில் 40 அடி இடைவெளி வைத்தால், அடுத்த கோட்டைக் காண 12 கிலோமீட்டர் போக வேண்டும். எனவே மலையில் 40 அடி, அடிவாரத்தில் 20, படுகையில் 5 அல்லது 10 என்று பிரியுங்கள். இடைவெளி மாறும் எல்லையைப் படத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் படிப்பவர் படுகையின் 5 அடிக் கோடுகளை மலை என்று நினைப்பார்.

லைடார் (விமானத்திலிருந்து லேசரால் அளந்த) 1 மீட்டர் தரவு கிடைக்கும் இடத்தில் அதை நேரடியாகக் கோடாக்காதீர்கள். ஒவ்வொரு சேஜ்பிரஷ் மேடும் நெளியாக வரும். 5 மீட்டருக்குச் சுருக்கி, லேசாக மழுங்கவைத்து, அதன்பின் கோடு எடுங்கள். சிறு வளையங்களை நீக்கும் வழக்கம் உண்டு; இங்கே நீக்கும் முன் ஒவ்வொன்றையும் விமானப் படத்தில் பாருங்கள். மாட்டுக்காக வெட்டிய குட்டை அப்படித்தான் வளையமாகத் தெரியும். பள்ளமாக இருந்தால் உட்பக்கம் சிறு பல்கோடுகள் போட்டுக் காட்டுங்கள்.

படி 4: நிழல்

மென்பொருள் இயல்பாக வடமேற்கிலிருந்து, 315 டிகிரியில் ஒளி விழுவதாக வைக்கும். ஸ்டீன்ஸ் மலைக்கு அது அழகாகவே பொருந்துகிறது: கிழக்குச் சுவர் நிழலில் ஆழமாகத் தெரியும். ஆனால் மலைக்கு வடக்கே, ஹார்னி படுகை வழியாகப் போகும் பிரதர்ஸ் பிளவு மண்டலத்தின் பிளவுகள் வடமேற்கு, தென்கிழக்காக ஓடுகின்றன. ஒளியும் அதே திசையில் விழுந்தால் அந்தப் பிளவு மேடுகள் படத்திலிருந்து மறைந்துவிடும். நிழல் விழ அங்கே பக்கமே இல்லை. பல திசை நிழல் முறையைப் பயன்படுத்துங்கள், அல்லது 225, 270, 315, 360 டிகிரிகளில் நான்கு படம் எடுத்துக் கலக்குங்கள்.

படி 5: தண்ணீர்

இந்தப் படுகைகளிலிருந்து நீர் கடலுக்குப் போவதில்லை. டோனர் உண்ட் பிளிட்சன் ஆறு மலையிலிருந்து வடக்கே ஓடி மல்ஹூர் ஏரியில் முடிகிறது. அதை அடுத்து மட் ஏரி, அதன்பின் ஹார்னி ஏரி. அங்கே ஆவியாவதுதான் வழி. பனியுகக் காலத்தில் ஏரி நிறைந்து கிழக்கே மல்ஹூர் ஆற்றுக்கு வழிந்ததுண்டு, இப்போது இல்லை.

நீரோட்டம் கணக்கிடும் ஒவ்வொரு பாடமும் முதல் வேலையாகப் ‘பள்ளங்களை நிரப்பு’ என்று சொல்லும். இங்கே அந்தக் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால், ஹார்னி படுகை விளிம்புவரை நிரம்பி ஒரே தட்டையாகிவிடும், ஆல்வர்டும் அப்படியே. பிறகு மென்பொருள் தட்டையின் மேல் நேர்க்கோடுகளாகப் பொய்யான ஆறுகளை வரையும். தரவுப் பிழையால் வரும் பள்ளம் பெரும்பாலும் 1, 2 மீட்டருக்குள் அடங்கும். அதனால் நிரப்பும் ஆழத்துக்கு வரம்பு வையுங்கள், ஏரிகளையும் வறண்ட படுகைகளையும் நீர் முடியும் இடங்களாக முன்கூட்டியே குறித்துக்கொடுங்கள்.

மல்ஹூர் ஏரியின் நீல எல்லையை நம்ப வேண்டாம். 1930களின் வறட்சியில் காய்ந்த ஏரி, 1980களின் நடுவில் மூன்று ஏரிகளும் ஒன்றாகி, பண்ணைகளையும் பர்ன்ஸ் நகருக்குப் போகும் இருப்புப் பாதையையும் மூழ்கடித்தது. தாளில் உள்ள கரை, விமானம் பறந்த அந்த ஆண்டின் கரை மட்டுமே. உங்கள் படத்தில் இரண்டு கரைகள் வரையுங்கள்: வறண்ட ஆண்டு, நிறைந்த ஆண்டு. ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்த மாதமும் ஆண்டும் எழுதுங்கள்.

ஓடைகளில் விட்டு விட்டு வரும் நீலக்கோடு பருவ ஓடை. ஜூன் மாதம் பனி உருகும்போது எல்லாம் ஓடும். ஆகஸ்ட் கடைசியில் பெரும்பாலானவை மணல். மாட்டுக்குக் கணக்கு ஆகஸ்ட்தான்.

படி 6: நில உரிமை

நிலம் 6 மைல் சதுர டவுன்ஷிப்புகளாக, ஒவ்வொன்றும் 36 செக்‌ஷன்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு செக்‌ஷன் 1 சதுர மைல், 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி, ஏர் உழுவதுபோல் இடம் போய், வலம் திரும்பி, தென்கிழக்கில் 36இல் முடியும். எல்லாம் போர்ட்லண்ட் அருகே 1851இல் நட்ட வில்லாமெட் மைல்கல்லிலிருந்து எண்ணப்படுகிறது.

ஸ்டீன்ஸ் பகுதியின் விசேஷம்: ரேஞ்ச் எண்கள் (டவுன்ஷிப் வரிசைகளைக் கிழக்கு மேற்காக எண்ணுபவை) எப்போதும் முழு எண்ணாக இருப்பதில்லை. 32½ கிழக்கு, 32¾ கிழக்கு என்ற குறுகிய வரிசைகள் உண்டு. தரவு அட்டவணையில் ரேஞ்ச் எண்ணை முழு எண் வகையாக வைத்திருந்தால், இவை 32 என்றோ 33 என்றோ மாறி, வேறொருவர் நிலத்தின் மேல் போய் உட்காரும். எழுத்து வகையாக வையுங்கள். செக்‌ஷன்களும் எல்லாம் 640 ஏக்கர் அல்ல. அளவைப் பிழை முழுதும் வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் தள்ளப்பட்டிருக்கும். கணினியில் சதுரம் வரைந்து எல்லை என்று சொல்லாதீர்கள். தரையில் நட்ட பித்தளைத் தொப்பி மூலைதான் சட்டப்படி மூலை.

பிஎல்எம் படத்தில் மஞ்சள் பொது நிலம், வெள்ளை தனியார், நீலம் மாநிலம். நீலம் பெரும்பாலும் 16, 36 எண் செக்‌ஷன்களில் வரும், பள்ளிகளுக்கென ஒதுக்கியவை. பண்ணையாளர்கள் ஊற்றும் புல்வெளியும் உள்ள இடங்களையே முதலில் வாங்கிக்கொண்டதால், வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தாலே நீர் எங்கே என்று ஊகிக்கலாம். தாளில் உள்ள சாலை எல்லாம் பொதுச்சாலை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ளைக்குள் நுழையும் முன் அனுமதி கேளுங்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையில் சுமார் 1,70,000 ஏக்கர் வனக்காப்பு நிலமானது, அதில் பெரும்பகுதியில் மேய்ச்சலே கிடையாது. அந்த எல்லையைத் தனி அடுக்காக வையுங்கள்.

படி 7: மாட்டுக்கு எட்டும் நிலம் எவ்வளவு

இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரம். மேய்ச்சல் மேலாண்மையில் பரவலாகப் பயன்படும் விதி இரண்டு. சரிவு 10 சதவீதம்வரை முழுக் கணக்கு. 11 முதல் 30வரை 30 சதவீதம் கழிவு. 31 முதல் 60வரை 60 சதவீதம் கழிவு. அதற்கு மேல் பூஜ்யம். தண்ணீரிலிருந்து 1 மைல்வரை முழுக் கணக்கு, 1 முதல் 2 மைல்வரை பாதி, அதற்கப்பால் பூஜ்யம்.

ஒரு செக்‌ஷனில் போட்டுப் பாருங்கள். 640 ஏக்கரில் 200 ஏக்கர் 31 முதல் 60 சதவீதச் சரிவு. வேறு 160 ஏக்கர் தண்ணீரிலிருந்து 1 முதல் 2 மைல் தூரத்தில். மீதி 280 நல்ல நிலம். 280, 80, 80 கூட்டினால் 440 ஏக்கர். கன்றோடு ஒரு பசுவுக்கு ஒரு மாதத்துக்கு 10 ஏக்கர் தேவை என்று வைத்தால், தாளில் 64 பசு மாதம், உண்மையில் 44. நான்கு மாதம் மேய்த்தால் 11 பசுக்கள். 16 விட்டிருந்தால், நீரோரப் புல் வேரோடு போயிருக்கும், மேட்டுப் புல் தொடாமல் நின்றிருக்கும்.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து, ரிம்ராக் என்று அங்கே சொல்லும் விளிம்புப் பாறை. பசால்ட் அடுக்குகள் 10 மீட்டர் செங்குத்தாக உடைந்து, மைல் கணக்கில் சுவர் போல ஓடும். மாடு ஏறவே முடியாது. 40 அடி இடைவெளியில் 10 மீட்டர்ச் சுவர் இரு கோடுகளுக்கு நடுவே முழுதாக ஒளிந்துகொள்ளும். பத்து மீட்டர் உயரத் தரவிலோ, சரிவு பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்து 20 மீட்டர் தூரத்தில் கணக்கிடப்படுவதால் 10க்கு 20, வெறும் 50 சதவீதம் என்று வரும். ‘60 சதவீதம் கழிவு’ என்று எழுதிய இடம் உண்மையில் கதவில்லாத சுவர். விமானப் படத்தில் காலை நிழலைப் பார்த்து இந்தப் பாறைகளைக் கையால் வரைந்து, வேலிகளோடு சேர்த்துத் தடையாக வையுங்கள். நீரைச் சுற்றி வட்டம் போடாமல், தடையைச் சுற்றி நடக்கும் தூரத்தைக் கணக்கிடும் செலவுத்தூரக் கருவியைப் பயன்படுத்துங்கள். வட்டத்துக்குள் அரை மைலில் இருக்கும் புல், நடையில் 3 மைலாக மாறுவதை அடிக்கடி பார்க்கலாம்.

படி 8: களத்தில் சரிபார்ப்பது

பருவம் ஜூலை பிற்பாதி முதல் செப்டம்பர்வரை. மலைச்சாலையைப் பனி மூடியிருக்கும் மாதங்களில் வாயிற்கதவுகள் பூட்டியிருக்கும். மழை பெய்தால் களிமண் பாதையிலும் ஏரிப் படுகையிலும் வண்டியை இறக்காதீர்கள். உலர்ந்தபோது தார்ச்சாலை போலிருக்கும் அதே தரை சக்கரத்தை விழுங்கிவிடும். இரண்டு மாற்று டயர், ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர், காகிதப் படம். கைபேசி சிக்னலை எண்ணிப் போக வேண்டாம். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்த வேண்டாம், புகைக்குழாய்ச் சூட்டில் தீப்பிடிக்கும். வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விடுங்கள். மாட்டை எந்தப் பக்கம் விட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

காந்த ஊசி இங்கே உண்மை வடக்கிலிருந்து கிழக்கே 13 டிகிரி அளவில் விலகுகிறது. பழைய தாளில் அச்சிட்ட விலகல் அன்றைய கணக்கு, அது இன்றைய விலகலைவிடச் சில டிகிரி கூடுதல். திருத்தாமல் நடந்தால் ஒரு கிலோமீட்டரில் 230 மீட்டர் விலகுவீர்கள். யூடிஎம் கட்டத்தைப் பிடித்து நடப்பவர்கள் இன்னும் 1 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனெனில் கட்ட வடக்கு உண்மை வடக்குக்கு மேற்கே இருக்கிறது. உயரம் எடுக்கும்போது, கருவி நீள்வட்ட உயரம் (பூமியைச் சீரான உருவமாக வைத்துக் கணக்கிட்டது) காட்டுகிறதா, கடல்மட்ட உயரமா என்று பாருங்கள். வித்தியாசம் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 20 மீட்டர்.

ஒவ்வொரு ஊற்றிலும் 20 லிட்டர் வாளி வைத்து நிறையும் நேரத்தைக் குறியுங்கள். 5 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 4 லிட்டர், நாளைக்கு 5,760 லிட்டர். வெயிலில் ஒரு பசுவுக்கு 60 லிட்டர் என்றால் 96 பசுக்களுக்குப் போதும். ஆனால் மாடுகள் கூட்டமாக ஒரே நேரத்தில் வரும்; தொட்டி சிறிதாக இருந்தால் பின்னால் நிற்பவை தாகத்தோடு திரும்பும். அதனால் தொட்டியின் கொள்ளளவையும், குழாய் எங்கிருந்து வருகிறது, அடைப்பான் எங்கே என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காற்றாலை இருந்தால், இறைக்கிறதா, வெறும் கோபுரமா என்று பாருங்கள். வேலியில் கம்பி நிற்கிறதா, கட்டைகள் மட்டும் மிச்சமா? ஜூனிப்பர் மரங்கள் எந்த உயரம்வரை பரவியிருக்கின்றன? பழைய தாளில் மரமில்லாமல் வெள்ளையாக இருந்த சரிவுகளில் இப்போது ஜூனிப்பர் அடர்ந்திருக்கும், அந்த இடங்களில் புல் குறைந்திருக்கும்.

படி 9: அச்சு

1:24,000இல் அச்சிடுங்கள், நீரில் நனையாத தாளில். மேய்ச்சல் நிலம் இரண்டு தாளுக்குள் அடங்காவிட்டால் 1:50,000 போதும், ஆனால் அதில் 40 அடிக் கோடுகளை 80 அடியாக்குங்கள். கோடுகளை வெளிர் பழுப்பாகவும், நீரையும் வேலியையும் அழுத்தமாகவும் வையுங்கள். வழக்கமான தலப்படத்தில் இது தலைகீழ், இங்கே இதுதான் சரி. நீர்க்குறிகளை மூன்று நிறத்தில் பிரியுங்கள்: ஆகஸ்டிலும் இருந்தது, பருவத்துக்கு மட்டும், நேரில் பார்க்காதது. பார்த்த மாதமும் ஆண்டும் குறியின் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் வரட்டும். ஓரத்தில் டேட்டம், உயர டேட்டம், காந்த விலகலும் அது எந்த ஆண்டுக்கானது என்பதும், கோட்டு இடைவெளி மாறும் எல்லை ஆகியவை இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நேரில் பார்க்காத குறிகளிலிருந்து தொடங்குங்கள்.